கொடுக்க இயலாதவரின் பசி

சில ஆண்டுகளுக்கு முன், தவக்காலத்து ஞாயிறொன்றில், மயிலாப்பூரிலுள்ள எங்கள் பங்கு ஆலயத்தில் நோன்பைப் பற்றி மறையுரை ஆற்றினேன். அதில் ஒரு முதிய தாயை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். முந்தைய கிறிஸ்து பிறப்பு விழாவின்போது வின்சென்ட் தே பவுல் சபையினரும் நானும் சென்னைக்கு வடக்கேயுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அரிசி, பருப்பு, பால்மாவு அடங்கிய பைகளை முதியவர்களுக்குக் கொடுத்தோம். எழுபது வயதைக் கடந்த அந்தத் தாய் பையை வாங்கிய கையோடு அப்படியே பேரப்பிள்ளைகளிடம் நீட்டிவிட்டார். “உங்களுக்கு?” என்று கேட்டேன். “எனக்கென்ன சுவாமி, நான் வயசுபோன ஆள். சின்னனுகள் தின்னட்டும்” என்றார். அவருடைய மணிக்கட்டு என் இரு விரல்களுக்குள் அடங்கிவிடும் அளவுக்கு மெலிந்திருந்தது.

இதனை மறையுரையில் சொல்லி, “நோன்பு என்றால் என்னவென்று அறிய விரும்பினால் அந்த அம்மாவைப் பாருங்கள்” என்று முடித்தேன். ஆலயத்தில் பலர் கண் கலங்கினர். அன்று காணிக்கை வழக்கத்தைவிட மிகுதியாக வந்தது. நல்ல மறையுரை என்று பலர் பாராட்டினர். நானும் அவ்வாறே எண்ணினேன்.

அதே ஆண்டு ஐப்பசி மழையின்போது அந்தத் தாய் இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு என்னை அழைத்திருந்தார்கள். திருப்பலி முடிந்து அவருடைய மகளுக்கு ஆறுதல் சொல்லும்போது, “பிள்ளைகளுக்காகத் தம் உணவையே துறந்த தாய் அவர்” என்றேன். மகள் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “சுவாமி, அம்மா விட்டுக்குடுத்தவ எண்டு நீங்கள் நினைக்கிறியள். அப்பிடியில்லை. அவவுக்குச் சாப்பிட மனமே இல்லை. கனகாலமாய் இல்லை.”

அந்தச் சொற்களுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஒரு நோயை நான் புண்ணியம் என்று பெயரிட்டுப் பீடத்தில் நின்று பறைசாற்றியிருந்தேன். இக்கட்டுரை அந்தப் பிழையிலிருந்து பிறந்தது. உண்ணாதிருக்கும் முதியவரைக் காணும்போது அதைத் தியாகம் என்று அழைக்க நமக்கு உரிமை உண்டா? இதுவே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

முதலில் இம்மக்களின் நிலையைச் சிறிது அறிந்துகொள்வோம். 1983 ஜூலைக் கலவரத்தை அடுத்து இலங்கைத் தமிழர் படகேறி இராமேசுவரம் கரைக்கு வரத் தொடங்கினர். 1990-இல் மீண்டும் போர் மூண்டபோதும், 1996-இலும், 2006-க்குப் பின்னரும் அலை அலையாக வந்தனர். மண்டபம் முகாமில் பதிவுசெய்யப்பட்டுப் பல மாவட்டங்களிலுள்ள முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். இவ்வாறு வந்தோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர். பலர் திரும்பிச் சென்றனர். சிலர் வேறு நாடுகளுக்குப் போயினர். 2021 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர் சட்டப்பேரவையில் கொடுத்த கணக்கின்படி 108 முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றப்பட்டதும், 7,469 வீடுகள் புதிதாகக் கட்டித்தரப்படும் என்று அறிவிக்கப்பட்டதும் அப்போதுதான். மாத உதவித்தொகையும் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என உயர்த்தப்பட்டது. அரிசியும் வழங்கப்படுகிறது. இவற்றை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். பத்துக்குப் பத்து அடி அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கிய முகாம்களைக் கண்டவர்களுக்கு ஒரு கான்கிரீட் கூரையின் மதிப்புத் தெரியும்.

ஆனால் ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1990-இல் முப்பது வயதில் கைக்குழந்தையோடு வந்திறங்கிய பெண் இன்று அறுபத்தைந்தை எட்டிவிட்டார். சில மாதம் தங்கிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள் இங்கேயே முதியவர்களாகிவிட்டனர். அவர்களுள் மலையகத் தமிழரும் உள்ளனர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை யார் எந்த நாட்டினர் என்று பங்கிட்டபோது அந்தப் பங்கீட்டில் விடுபட்டவர்களின் வழிவந்தவர்கள் இன்றுவரை எந்த நாட்டினர் என்று சொல்ல இயலாது நிற்கின்றனர். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்டவர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு 2025-இல் விலக்கு அளித்தது. இது ஓர் ஆறுதல். ஆயினும் தண்டிக்கப்படாமல் இருப்பது வேறு, உரியவராக இருப்பது வேறு.

இனி, பசியைப் பற்றி. முதுமையில் பசியும் தாகமும் நாவின் சுவையும் தாமாகவே குறைகின்றன என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். பல் இல்லாதவர் மெல்ல வேண்டியவற்றை ஒதுக்கிவிட்டுக் கரைத்த சோற்றோடு நிறுத்திக்கொள்கிறார். சோறு வயிற்றை நிரப்பும், தசையைக் காப்பாற்றாது. முதியவருக்கும் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். மேலும், ‘பி12’ என்னும் உயிர்ச்சத்து மீன், முட்டை, பால், இறைச்சி போன்றவற்றில்தான் உண்டு. முதிய வயிறு அதனை எளிதில் ஈர்த்துக்கொள்வதுமில்லை. நாள்தோறும் மீன் உண்டு வளர்ந்த மன்னார்க் கரையின் மக்கள் முதுமையில் அரிசியும் இரசமுமாக வாழும்போது என்ன ஆகும்? இரத்தம் குறையும், கால் மரக்கும், நினைவு மங்கும், மனமும் இருளும்.

அவ்வாறு இருண்ட மனம் மீண்டும் உணவை வெறுக்கிறது. முதியோரின் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வெளிப்படுவதில்லை. பசியில்லை, உறக்கமில்லை, உடம்பெல்லாம் வலி என்றே அவர்கள் சொல்வார்கள். நாமும் வயதானால் அப்படித்தான் என்று சொல்லிவிடுவோம். ஆக, உணவுக் குறைவு மனத்தைத் தளர்த்துகிறது. தளர்ந்த மனம் உணவைக் குறைக்கிறது. எது முதலில் தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

இதனை யாரும் கவனிப்பதில்லையா எனக் கேட்கலாம். உலகெங்கும் முகாம்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்பது பொதுக் கணக்கு. அது சராசரிக் கணக்கு. தட்டில் விழுந்த சோறு யார் வயிற்றுக்குப் போனது என்பதை அது சொல்லாது. ஊட்டக்குறைவை அளக்கும்போது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எடையையும் புயத்தின் சுற்றளவையுமே பெரும்பாலும் அளக்கிறார்கள். குழந்தைகளை அளப்பது மிகவும் தேவையானது, அதில் ஐயமில்லை. ஆனால் அதே அளவுநாடாவை அருகில் அமர்ந்திருக்கும் பாட்டியின் புயத்தில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அரிதாகவே ஒருவருக்குத் தோன்றுகிறது. சென்னை முதியோர் மருத்துவத்தில் இந்நாட்டுக்கு முன்னோடியான நகரம். 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டது. ஆனால் கிண்டிக்கும் கும்மிடிப்பூண்டி முகாமுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளது. தமக்கு நோய் இருப்பதாகவே எண்ணாத ஒருவர் அந்தத் தொலைவைக் கடந்து வரமாட்டார்.

இப்போது கேள்விக்குத் திரும்புவோம். அந்தத் தாய் செய்தது தியாகமா?

குருமடத்தில் நாங்கள் பயின்ற அறநெறி இறையியலில் ஓர் அடிப்படைக் கருத்து உண்டு. ஒரு செயல் அறச் செயலாக வேண்டுமானால் அது உரிமையுள்ள மனத்திலிருந்து எழ வேண்டும். பலியிடுபவர் தம்முடையதைத் தருகிறார். தராமல் இருக்கவும் அவரால் முடியும். நோன்பிருப்பவர் உணவை நல்லது என்று அறிந்தே அதனை ஒதுக்கிவைக்கிறார். உயிர்ப்புப் பெருவிழா அன்று மகிழ்ச்சியோடு மீண்டும் உண்பார். தம் வாழ்வை இனி ஒரு பொருட்டாகவே கருதாத மனிதர் தட்டை நகர்த்துகையில் அங்கே துறவு இல்லை. எவரும் தமக்கு மதிப்பற்றதாகிவிட்ட ஒன்றைப் பலியாக்க முடியாது. அந்தத் தாய் சோற்றைத் தம் பேரர்களுக்குக் கொடுத்ததில் அன்பு இருந்தது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் “நான் வயசுபோன ஆள்” என்ற சொல்லில் இருந்தது அன்பு மட்டுமன்று. இந்த வீட்டில், இந்த நாட்டில், ஓர் ஆளுக்கான சோற்றை உண்ணத் தமக்கு உரிமையில்லை என்ற தீர்ப்பும் அதில் இருந்தது. அந்தத் தீர்ப்பை அவர் எங்கிருந்து கற்றார்? முப்பது ஆண்டுகளாக வரிசையில் நின்று கைநீட்டி வாங்கியதிலிருந்து கற்றார். எங்கள் பைகளும் அந்தப் பாடத்தில் ஒரு பக்கமே.

நம் தமிழ்க் காப்பியத்தில் இந்நோயை அறிந்த ஒருவர் இருக்கிறார். மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் மதுரையில் இரந்துண்டு, அதிலும் முதலில் ஏழைகளுக்கு ஊட்டி எஞ்சியதை உண்டு வாழ்ந்தவன். சிந்தாதேவி அவனுக்கு எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியை அளித்தாள். பின்னர் நாட்டில் மழை பொழிந்து வளம் பெருகிடவே, அவனிடம் உணவு கேட்டு வருவார் இல்லாமற் போயினர். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்வியுற்றுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியபோது, அவன் ஏறிவிட்டதாக எண்ணிக் கப்பல் புறப்பட்டுப் போய்விட்டது. ஆளில்லாத தீவில், குறையாத உணவுப் பாத்திரத்தோடு அவன் தனித்து நின்றான். அவன் அந்த உணவை உண்டு வாழ்ந்திருக்கலாம். ஆனால் பலருக்கு ஊட்டிய பாத்திரத்திலிருந்து தான் ஒருவன் மட்டும் உண்ண அவனுக்கு மனம் வரவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறந்தான்.

அந்த மணிபல்லவம் யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள நயினாதீவே என்று கருதுவோர் உளர். அது எவ்வாறாயினும், ஆபுத்திரன் பட்டினியால் இறக்கவில்லை என்பதை நினைவில் கொள்வோம். அவனிடம் உணவு இருந்தது. உண்பிக்க ஒருவரும் இருக்கவில்லை. கொடுப்பவனாகவே தன்னை அறிந்த மனிதன், கொடுக்க வழியற்றபோது உண்ணவும் வழியற்றவனானான்.

நான் குறிப்பிட்ட தாயின் கணவர் மன்னாரில் கரைவலைச் சம்மாட்டியாக இருந்தவர். வலை இழுக்கும் பத்துப் பன்னிரண்டு ஆட்களுக்கும் சேர்த்து அந்த வீட்டில் நாள்தோறும் உலை வைப்பார்களாம். பெரிய சட்டியில் ஒடியற் கூழ் காய்ச்சி, சுற்றியிருப்போருக்கெல்லாம் பலாவிலையைக் கோலிக் கையில் கொடுப்பாராம் அந்தத் தாய். இவற்றையெல்லாம் மகள்தான் சொன்னார். மேலும் ஒன்றும் சொன்னார். இறப்பதற்கு முந்தைய ஆண்டு, அடுத்த வீட்டில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அவளுக்குத் தாயில்லை. சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைக்க முகாமில் இளையவர் எவருக்கும் தெரியவில்லை. இந்தத் தாயைக் கேட்டார்கள். அவர் எழுந்து அமர்ந்தார். மல்லி, மிளகு, சீரகம், உள்ளி என்று கேட்டு வாங்கி அரைத்தார். அந்தப் பெண்ணுக்கு மூன்று வாரம் கறி வைத்துக் கொடுத்தார். “அந்த மூண்டு கிழமையும் அம்மா வடிவாய்ச் சாப்பிட்டவ, சுவாமி” என்றார் மகள். அதன்பின் அவரை யாரும் எதற்கும் கேட்கவில்லை.

மருந்தும் வேண்டும், முட்டையும் பாலும் வேண்டும் என்பதை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று வாரங்கள் எந்த உதவிப் பையிலும் அடங்காத ஒன்றைக் காட்டுகின்றன. மனிதர் உண்பதற்காக மட்டும் பந்தியில் அமர்வதில்லை. பரிமாறவும் தமக்கு ஒரு முறை உண்டு என்று அறிந்தே அமர்கிறார். அந்த முறையை நிலையாகப் பறித்துவிட்டால், பிறர் இடும் சோறு எவ்வளவு நல்லதாயினும் தொண்டையில் இறங்குவது அரிதாகிறது.

விவிலியத்திலும் இதனைக் காணலாம். இறைவாக்கினர் எலியா அரசியின் சினத்துக்கு அஞ்சி எல்லை கடந்து தென்னாட்டுக்கு ஓடியவர். பாலைநிலத்தில் சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டினார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நம்பிக்கையிழந்தது பாவம் என்று போதிக்கவுமில்லை. தூதர் வந்து தட்டியெழுப்பிச் சுட்ட அப்பத்தையும் நீரையும் கொடுத்தார். எலியா உண்டார், மறுபடியும் உறங்கினார். தூதர் இரண்டாம் முறையும் வந்து உண்ணச் சொன்னார். ஒருமுறை கொடுத்துவிட்டு அவர் போய்விடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் ஓரேபு மலையில் ஆண்டவர் எலியாவின் முறையீட்டைக் கேட்டார். எலியா அதே முறையீட்டை இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் கேட்டார். இறுதியாக அவருக்குச் செய்யவேண்டிய பணிகளைக் கொடுத்தார். தமக்குப்பின் வரவேண்டிய எலிசாவைத் திருப்பொழிவு செய்வதும் அவற்றுள் ஒன்று. உணவு, உறக்கம், கேட்கும் செவி, பிறகு ஒரு பொறுப்பு. இந்த வரிசையில் நாங்கள் முதற்படியில் மட்டும் நின்றுவிட்டோம். அதையும் ஆண்டுக்கு ஒருமுறை செய்தோம்.

இது முகாமில் வாழ்வோருக்கு மட்டும் உரிய செய்தி என்று மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் நாம் எண்ணிவிட வேண்டாம். நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது நான் நுழையும் அடுக்குமாடி வீடுகளில், நிறைந்த குளிர்பதனப் பெட்டிக்கு அருகே தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழும் பெரியவர்களைக் காண்கிறேன். பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். சமைக்க ஓர் அம்மா வருகிறார். மாத்திரைகள் நாள்வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. குறை ஒன்றுமில்லை. “நான் எதையும் தொடவேண்டியதில்லை ஃபாதர், எல்லாம் நடக்கிறது” என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அவர்களுக்கும் முகாமின் முதியவர்களுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இவர்கள் கையில் சொந்த வீட்டின் சாவி இருக்கிறது. முகாமில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. ஆனால் தம் வீட்டில் உண்ணாத தந்தையின் துயரை அறிந்தவர்கள், முகாமில் உண்ணாத தாயின் துயரையும் அறியக்கூடும் என்பதால் இதனைச் சொல்கிறேன்.

இங்கே ஒருவர் மறுத்துரைக்கலாம்: “மாதம் 1,000 ரூபாயில் வாழ்பவரிடம் கொடுக்கும் மாண்பைப் பற்றிப் பேசுவது வயிறு நிறைந்தவர்களின் தத்துவம் அல்லவா? முதலில் வயிற்றுக்கு இடுங்கள். மாண்பைப் பிறகு பார்க்கலாம்.” இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. அரசு தரவேண்டியதைத் தரச் சொல்லிக் கேட்பதும், குடியுரிமை வேண்டுவோருக்காகக் குரல் கொடுப்பதும், முதியோருக்கெனத் தனியே மருத்துவரை முகாமுக்கு வரவழைப்பதும் நீதியின் கடமைகள்; அவற்றை அன்பின் பெயரால் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் “மாண்பைப் பிறகு பார்க்கலாம்” என்று சொல்லி நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. அந்தப் ‘பிறகு’ வருவதற்குள் அவர்கள் முதுமையடைந்து ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கின்றனர். பசித்தவர் ஒரே நேரத்தில் வயிறும் மனமும் உடையவர். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கலாம் என்பது நம் வசதிக்கான பிரிவினையே.

அந்த முப்பத்தோராம் நாளுக்குப்பின் எங்கள் பங்கில் சில மாற்றங்கள் செய்தோம். அவை சிறியவை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை செல்கிறோம். ஓர் எடைக்கருவியைக் கொண்டுபோய் அறுபது வயதைக் கடந்தவர்களின் எடையை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கிறோம். குறைந்துகொண்டே வருவோரைப் பற்றி மருத்துவரிடம் சொல்கிறோம். “சாப்பிட்டீர்களா?” என்று கேட்பதை விட்டு, “இன்று என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள்?” என்று கேட்கப் பழகுகிறோம். நிழற்படம் எடுப்பதை நிறுத்திவிட்டோம்.

சென்ற ஆண்டு ஒருநாள், பொருள்களை நாங்கள் வாங்கி வருகிறோம், நீங்கள் எங்களுக்குக் கூழ் காய்ச்சித் தருவீர்களா என்று முகாமின் மூதாட்டிகளைக் கேட்டோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பேரம் தொடங்கியது: எந்த மீன், எத்தனை நண்டு, புளி எவ்வளவு. ஊரிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய ஒடியல் மா ஒருவர் வீட்டிலிருந்து வெளிவந்தது. பயற்றங்காயைப் பெரிதாக நறுக்கிவிட்டாள் என்று ஒரு பெண்ணை எண்பது வயதுப் பாட்டி ஒருவர் உரக்கக் கடிந்துகொண்டார். அவர் அவ்வளவு பேசி மாதக்கணக்காயிற்று என்றார்கள். பல்லில்லாதவர்களும் குடிக்கக்கூடிய, மீனும் நண்டும் கரைந்த அந்தக் கூழை நாங்கள் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து குடித்தோம். காரம் தாங்காமல் என் கண்ணில் நீர் வந்தது. அதைக் கண்டு அவர்கள் சிரித்தார்கள்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. மறுநாள் மீண்டும் அதே அரிசி, அதே வரிசை. அவர்களுள் இருவர் இன்று உயிரோடு இல்லை. அந்தத் தாய்க்கு நான் கொண்டுபோன பை அவர் கையில் ஒரு நொடிகூடத் தங்கவில்லை. அவரிடம் ஒரு சிரட்டை கூழ் கேட்டிருந்தால் காய்ச்சித் தந்திருப்பார். தாமும் சிறிது குடித்திருப்பார் என்றே இப்போது நம்புகிறேன். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த தவக்காலத்தில் அதே பீடத்தில் நின்று, முந்தைய ஆண்டு நான் சொன்னது பிழை என்று மக்களிடம் கூறினேன். அந்த ஞாயிறு காணிக்கை வழக்கம்போலவே இருந்தது. ஆனால் திருப்பலி முடிந்தபின் ஒரு நடுவயதுக்காரர் என்னிடம் வந்து, “ஃபாதர், வீட்டுக்குப் போய் எங்கள் அம்மாவிடம் இரசம் வைத்துத் தரச் சொல்லப்போகிறேன்” என்றார்.